அன்பான கடவுள் தீமையை ஏன் விட்டுவைக்கிறார்? 90 நிமிட மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு வரைவு, எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்

#1 கடைமடை

வேதாரண்யம் பக்கம் ஒரு பங்கில், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வியில் இந்தத் தலைப்பு வருகிறது. முப்பது பேர் இருப்பார்கள். பாதி கடலோரம், பாதி வயல் பக்கம். எல்லாரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் கடலோரத்து வீடுகளில் மாலை போட்ட படம் ஒன்றாவது சுவரில் இருக்கும். என் வரைவு:

10 நிமிடம்: கேள்வியை வைப்பது. கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது. மூன்றும் ஒன்றாக நிற்குமா? (கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் கேட்டதாகப் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியுஸ் எழுதிவைத்தது.)
15: தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறை. அகுஸ்தினார்.
20: மனிதச் சுதந்திரம்.
15: துன்பம் ஆளைப் பக்குவப்படுத்தும். பழைய திருச்சபைத் தந்தை இரேனியு வழி.
20: சிலுவை.
10: செபம்.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் பத்தி 309 முதல் 314 வரை கையில் வைத்திருக்கிறேன். அவசரப் பதில் எதுவும் போதாது என்று 309 சொல்வதையும் பார்த்தாயிற்று. பிறகு எப்படி 90 நிமிடத்தில் முடிப்பது என்பதுதான் என் கவலை.

#2 தர்க்கப்பிரியன்

முதல் பத்து நிமிடத்தில் ஒரு ஓட்டை. அந்த மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்தால் முரண் வராது. தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1955இல் இந்த வாதத்தை எழுதியபோதே இன்னும் இரண்டு விதி வேண்டும் என்று சொல்லித்தான் எழுதினார். நல்லவர் தன்னால் முடிந்த மட்டும் தீமையை ஒழிப்பார் என்பது ஒன்று. எல்லாம் வல்லவருக்கு முடியாதது எதுவுமில்லை என்பது இன்னொன்று. ஐந்தையும் பலகையில் எழுதிப்போடுங்கள், எதை மறுக்கலாம் என்று பிள்ளைகளே தேடட்டும். பெரும்பாலும் நாலாவதில் கை வைப்பார்கள்: ஒரு பெரிய நன்மையை இழக்காமல் ஒழிக்க முடியாத தீமை என்றால் நல்லவரும் விட்டுவைக்கலாமே என்று. கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் கை வைத்தது ஐந்தாவதில். சுதந்திரமுள்ள ஆளைக் கடவுள் படைக்கலாம், அவனுக்குப் பதிலாக அவனுடைய தேர்வைக் கடவுளே செய்தால் அது அவனுடைய தேர்வு இல்லை.

இதில் ஆசிரியர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிளாண்டிங்கா காட்டியது, கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பது தர்க்கப்படி சாத்தியம் என்பதை மட்டும். 'இதனால்தான் விட்டுவைத்தார்' என்று அவர் சொல்லவில்லை. வாயிலில் நிற்பவனைத் தடுக்கிற வாதத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் விளக்கமாக விரித்தால் நாறிப்போகும்.

இரண்டு கேள்வி நிச்சயம் வரும், தயாராகப் போங்கள். ஒன்று, 'சுதந்திரமும் இருக்கட்டும், எப்போதும் நல்லதையே தேர்ந்தெடுக்கிற ஆளாகப் படைத்திருக்கலாமே?' இதற்கு மேலே சொன்னதுதான் பதில். இரண்டு, 'மோட்சத்தில் சுதந்திரம் உண்டா? உண்டென்றால் அங்கே யாரும் பாவம் செய்யாதபோது இங்கே ஏன் முடியாது?' இது கெட்டிக்காரக் கேள்வி. அகுஸ்தினாரிடம் இதற்கு ஒரு வேறுபாடு இருக்கிறது. பாவம் செய்யாமலிருக்க முடியும் என்பது ஒரு நிலை, பாவம் செய்யவே முடியாது என்பது அடுத்த நிலை. முன்னதன் வழியாகத்தான் பின்னதற்குப் போகிறோம் என்பார். முழுத் திருப்தி தராது, ஆனால் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

அகுஸ்தினாருக்கு 15 நிமிடம் அதிகம். ஒன்பது வருஷம் மானிக்கேயரோடு இருந்துவிட்டு வந்தவர் அவர். நல்ல கடவுளுக்கு எதிராகத் தீமைக்கென்றே இன்னொரு சக்தி உண்டு என்ற அவர்கள் கொள்கைக்குப் பதிலாகத்தான் 'குறை' என்பதைச் சொன்னார். கல்லுக்குப் பார்வை இல்லாதது தீமை இல்லை, கண்ணுக்கு இல்லாததுதான் தீமை. தீமையைப் படைத்தது யார் என்ற கேள்விக்கு அது நல்ல பதில். ஏன் விட்டுவைத்தார் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

#3 கறுப்புச்சட்டை_திருவாரூர்

நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனால் எங்கே இடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

டெல்டாவுக்குள்ளேயே மூன்று தேதி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். அதே வருஷம் டிசம்பர் 26, சுனாமி, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். வேளாங்கண்ணிக் கரையில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக.

உங்கள் 20 நிமிடச் சுதந்திரம் முதல் தேதிக்கு மட்டும்தான் பொருந்தும். அதுவும் கொளுத்தியவன் சுதந்திரத்துக்கு. உள்ளே இருந்த குழந்தைகளின் சுதந்திரம் எந்தக் கணக்கில்? இரண்டாவதில் யாரும் கொல்ல நினைக்கவில்லை. மூன்றாவதில் மனிதனே இல்லை. மூன்றையும் 'தீமை' என்ற ஒரே சாக்கில் கட்டி ஒரே பதிலைச் சொன்னால், பதினேழு வயசுப் பிள்ளை எதிரில் சிரிக்காது, வெளியே போய்ச் சிரிக்கும்.

இன்னொன்று. கடவுளைக் கேள்வி கேட்பது மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது ஆரம்பித்தால் விடாதீர்கள். ஒரு வீட்டில் சாப்பறை, பக்கத்து வீட்டில் கல்யாண மேளம், இப்படிப் படைத்தவன் 'பண்பிலாளன்' என்கிறது புறநானூறு 194. பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் 'பரந்து கெடுக உலகியற்றி யான்' என்கிறது குறள் 1062. துன்பத்தில் கடவுளையே வழக்குக்கு இழுத்த உங்கள் பைபிள் யோபுக்கு இங்கே கூட்டாளிகள் உண்டு.

#4 தரங்கைவாசி

தோழர் சொன்ன மூன்று தேதியையும் வகுப்பின் எலும்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்பேன். மூன்றுக்கும் மூன்று விதமான விசாரணை தேவை.

வெண்மணி, தெரிந்தே செய்த பாவம். அங்கே சுதந்திரத்தைப் பற்றிப் பேசலாம். கூடவே ஒரு வீட்டுத் தீப்பெட்டியில் தொடங்கிய பாவம் இல்லை அது, கூலி, நிலம், சாதி என்று தலைமுறையாகக் கட்டிவைத்த ஒழுங்கின் பாவம் என்பதையும் சொல்லுங்கள். தனி மனிதன் தேர்வு என்று மட்டும் சொன்னால் பாதிதான்.

கும்பகோணம், அலட்சியம். சத்துணவுச் சமையல் நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. வகுப்பறைக்கு மேல் கீற்றுப் போட்டதும், இடுக்கான இடத்தில் பிள்ளைகளை நெருக்கி அடைத்ததும், பார்த்தும் பார்க்காமல் விட்டதும் மனுஷர் செய்தவை. இந்த நடுவகையைப் பெரும்பாலான பிரசங்கங்கள் தொடுவதே இல்லை. தேவ சித்தம் என்று ஒரு வார்த்தை விழுந்ததும் அங்கே விசாரணை நின்றுவிடுகிறது. அது தேவனுக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம்.

சுனாமி. இங்கேயும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. நாகைக் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்துமாக்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடு இல்லை, ஹைதராபாத் மையம் வந்ததே 2007இல்தான். அந்த இரண்டரை மணி நேரத்தைத் தேவன்மேல் போடக்கூடாது. ஆனால் கடலுக்கடியில் தட்டு நகர்ந்ததை மனுஷன்மேல் போடவும் வழியில்லை. அந்த மீதிதான் உண்மையான கேள்வி.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில் லிஸ்பன் நகரம் இடிந்தபோதும் ஆலயங்கள் நிரம்பியிருந்தன. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று லைப்னிட்ஸ் 1710இல் எழுதியிருந்தார். லிஸ்பனுக்குப் பிறகு அதை அப்படியே சொல்லப் பலருக்கும் வாய் வரவில்லை.

#5 வெண்ணாறு

அண்ணே, எல்லாம் சரி. ஆனா 'அனுமதித்தார்' அப்படின்னு சொல்லித் தேவனைக் காப்பாத்தப் பார்க்கிறது எனக்கு ஒத்துவரல. சீர்திருத்த மரபுல (கால்வின் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபைகள்) அந்த வழி கிடையாது. கால்வின் தன் பெரிய நூலின் 1559 பதிப்புல, அனுமதி வேற சித்தம் வேறன்னு பிரிக்கிறதையே தள்ளிவிடறார். 1563ல வந்த ஹைடல்பர்க் வினாவிடை, 27ஆம் கேள்வியப் பாருங்க: மழையும் வறட்சியும், விளைஞ்ச வருஷமும் பொய்ச்ச வருஷமும், சுகமும் நோயும், எதுவும் தற்செயலா வராது, தகப்பன் கையிலிருந்து வருது. சம்பா கருகிப்போன வருஷத்துல விவசாயிக்கு எது ஆறுதல்? தேவன் வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தார்ங்கிறதா, இல்ல இதுவும் அவர் கையை மீறிப்போகலங்கிறதா? 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்'னு யோபு சொன்னது எந்தப் பக்கம்?

#6 தர்க்கப்பிரியன்

வெண்ணாறு, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கத்தோலிக்கப் பக்கத்திலும் 'அனுமதி' என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இல்லை. தாமஸ் அக்குவினாஸ் தன் பெரிய இறையியல் நூலான 'சும்மா'வின் முதல் பகுதி 19ஆம் வினா, 9ஆம் பிரிவில் சொல்வது: தீமை நடக்கவேண்டும் என்றும் கடவுள் விரும்புவதில்லை, நடக்கவே கூடாது என்றும் விரும்புவதில்லை, நடக்க விடுவதை விரும்புகிறார். ஆக அங்கேயும் கடவுள் கணக்குக்கு வெளியே இல்லை. வித்தியாசம், தீமை அவருடைய நோக்கமாக இருக்கிறதா என்பதில்தான். கால்வின் வழியில் எதுவும் கையை மீறாது, ஆனால் கொளுத்தியவன் கையும் அதற்குள் வந்துவிடுகிறது. அவன் தீய எண்ணத்துக்கு அவனே பொறுப்பு, தேவன் எண்ணம் வேறு என்று கால்வின் பிரித்துக்காட்டுவார். வெண்மணியைப் பக்கத்தில் வைத்து அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள், எவ்வளவு மெல்லிய நூல் என்று தெரியும்.

வறட்சி விஷயத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். 1563இல் ஜெர்மனியில் எழுதியவர்களுக்கு வானம் மட்டும்தான். நமக்கு மேட்டூர் ஜூன் 12இல் திறப்பதும், 120 அடியில் எத்தனை நிற்கிறது என்பதும், வாய்க்கால் தூர்வாரினார்களா என்பதும் நடுவில் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராததைத் தகப்பன் கைக்கு அனுப்புவதற்கு முன் நீர்வளத்துறை வரைக்குமாவது அனுப்பலாம்.

#7 கொள்ளிடக்கரை

இத்தனை பேர் பேசியும் யோபு 1:21 யார் வாயில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லையே. அதைச் சொன்னது யோபு, தன்னைப் பற்றி. வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர் சொன்னால் அது விசுவாசம். அதே வார்த்தையை வந்தவர் சொன்னால் அது தீர்ப்பு. துக்க வீட்டுக்குப் போகிற உபதேசியார்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பேன்.

யோபு நூலின் அமைப்பை வகுப்பில் காட்டுங்கள். மொத்தம் 42 அதிகாரம். முதல் இரண்டு, யோபு சொத்தையும் பிள்ளைகளையும் இழக்கிற கதை. 3 முதல் 31 வரை யோபும் மூன்று நண்பர்களும். 32 முதல் 37 வரை எலிகூ. 38 முதல் 41 வரை கடவுள் பேசுகிறார், யோபின் கேள்விக்கு நேர்ப்பதில் சொல்லாமலே. 42:7இல் கடவுள் கோபப்படுவது தன்னை வழக்குக்கு இழுத்த யோபின்மேல் இல்லை, தனக்காக வாதாடின நண்பர்கள்மேல்.

இதை அசட்டையாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி. 'உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும் உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்', புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் எத்தனை வீட்டில் ஒட்டியிருக்கிறது! அது யோபு 8:7. பேசுகிறவர் அந்த மூன்று நண்பர்களில் ஒருவரான பில்தாத். மூன்று வசனம் முன்னால் 8:4இல், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் செத்தார்கள் என்கிற மாதிரி பேசிவிட்டு இதைச் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்த அட்டை தொங்கினால் கழற்றச் சொல்ல மாட்டேன், ஆனால் அதைக் கையில் எடுத்துப் பிரசங்கம் செய்யாதீர்கள்.

துக்க வீட்டில் தவறிப்போகும் வாக்கியங்கள்:

'தாங்குகிறவர்களுக்குத்தான் கடவுள் கஷ்டம் தருவார்.' 1 கொரிந்தியர் 10:13ஐ இழுத்து நீட்டியது. அங்கே பேச்சு பாவச் சோதனையைப் பற்றி, முந்தின வசனங்களைப் படித்தால் தெரியும். கேட்கிற தாய்க்கு, நான் பலவீனமாக இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றுதான் காதில் விழும்.

'எல்லாம் நன்மைக்கே.' உரோமையர் 8:28. அதே அதிகாரத்தில் 22, 23இல் படைப்பு முழுக்க முனகுகிறது, நாமும் முனகுகிறோம் என்று பவுல் எழுதியதைத் தாண்டிக் குதித்து இந்த ஒரு வசனத்தை மட்டும் எடுப்பது.

'கடவுளுக்கு அந்தப் பூ தேவைப்பட்டது.' இதற்கு வேதத்தில் ஆதாரமே இல்லை.

'என்ன பாவம் செய்தோமோ.' இதை வந்தவர் சொல்வதில்லை, வீட்டுக்காரரே சொல்வார். ஊழ்வினைப் பேச்சும் கிறிஸ்தவமும் நம் நாக்கில் கலந்தே கிடக்கிறது. இதற்கு மட்டும் பதில் சொல்லலாம், சொல்ல வேண்டும், சுருக்கமாக: லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். யோவான் 9இலும், இவன் பாவமா பெற்றோர் பாவமா என்ற கேள்வியை இரண்டு பக்கமும் மறுக்கிறார்.

பிறகு என்ன செய்வது? போய் உட்காருங்கள். யோபின் நண்பர்கள் சரியாகச் செய்தது அது ஒன்றுதான், ஏழு நாள் வாய் திறக்கவில்லை (2:13). செபிக்கச் சொன்னால் சங்கீதம் 13. ஆறே வசனம், 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கீதம். மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. விளக்கம் வேண்டாம். பெண்கள் ஒப்பாரி வைத்தால் அதை நிறுத்திக் கீர்த்தனை தொடங்காதீர்கள். 'உனக்குக் கண்ணில்லையா சாமி' என்று மாரில் அடித்துக்கொள்வது விசுவாசக் குறைவு இல்லை, சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சாதிதான். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அதையும் திருச்சபை செபமாகத்தான் வைத்திருக்கிறது. 'ஏன்' என்ற பேச்சு முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, அவர்கள் கேட்டால் மட்டும்.

இரண்டு விஷயம் தெரியாமல் போகாதீர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு அடக்கச் சடங்கு இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பெற்றோர் கொடுக்க நினைத்திருந்தால் ஆயர் அனுமதிக்கலாம், திருச்சபைச் சட்டம் 1183. அந்தக் குழந்தைகளின் மீட்பை நம்புவதற்கு இடமுண்டு என்று பன்னாட்டு இறையியல் குழு 2007இல் எழுதியிருக்கிறது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கம் மறுப்பது 1917 சட்டத்தில் இருந்தது, 1983 சட்டத்தில் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது. மறைக்கல்வி நூல் 2283ஐயும் படியுங்கள். சம்பா போன வருஷங்களில் இந்தப் பக்கம் இந்த இரண்டாவது தகவல் தேவைப்படாத பங்கு குறைவு.

#8 கடைமடை

கொள்ளிடக்கரை சிஸ்டர், நன்றி. அப்படியானால் இரேனியு பகுதியை என்ன செய்வது? துன்பம் பக்குவப்படுத்தும் என்பதில் உண்மை இல்லையா?

#9 கறுப்புச்சட்டை_திருவாரூர்

சிஸ்டர் சொன்ன விதியையே இதற்கும் வையுங்கள். யார் யாருக்குச் சொல்வது? பண்ணையார் பண்ணையாளுக்குச் சொன்னால் அதற்குப் பெயர் இறையியல் இல்லை. அரைப்படி கூடக் கேட்டவனிடம் பொறுமை ஆத்துமாவை மெருகேற்றும் என்று சொல்கிற வாய் எந்த மதத்திலும் இருந்தது. ஞானஸ்நானம் வாங்கின பிறகும் கோயிலுக்குள் தனி வரிசை, கல்லறையில் தனிச் சுவர் என்று நின்றவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்குவம் எப்போதும் ஒரே தெருவுக்குத்தான் ஒதுக்கப்பட்டது.

#10 தர்க்கப்பிரியன்

வாதமாகவே பார்த்தாலும் ஓட்டை இருக்கிறது. இரேனியு இரண்டாம் நூற்றாண்டில் சொன்னது, மனிதன் முடிந்த வேலையாகப் படைக்கப்படவில்லை, வளரவேண்டியவனாகப் படைக்கப்பட்டான் என்பது. தத்துவவாதி ஜான் ஹிக் 1966இல் அதை முழுக் கொள்கையாக விரித்தார். ஆனால் ஆறு மாதக் குழந்தை அலையில் போனால் யாருடைய பக்குவம்? குழந்தைக்கு நேரமில்லை. தாயின் பக்குவத்துக்காகக் குழந்தை என்றால் குழந்தை கருவியாகிவிடுகிறது. ஹிக் இதை உணர்ந்துதான், வளர்ச்சி சாவுக்குப் பிறகும் தொடரும் என்று சேர்க்க வேண்டிவந்தது. அந்தச் சேர்க்கையைச் சொல்லாமல் கொள்கையின் முன்பாதியை மட்டும் வகுப்பில் சொல்வதுதான் வழக்கமான பிசகு.

எனவே தனித் தலைப்பாக வேண்டாம். துன்பத்தைத் தாண்டி வந்த ஒருவர் தானே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இயற்கைத் தீமைக்கு வேறொரு வழி உண்டு, டெல்டாப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும். மறைக்கல்வி நூல் 310, உலகம் முடிவடையாத பயணத்தில் இருக்கிறது, ஆக்கமும் அழிவும் சேர்ந்தே நடக்கும் என்கிறது. ஆறு கரைபுரண்டு கொட்டிய வண்டல்தான் இந்த மண். வெள்ளமே வராத காவிரி என்றால் தஞ்சாவூர் நெற்களஞ்சியமும் இல்லை. பூமித்தட்டு நகராத கிரகத்தில் மலையும் இருக்காது. ஒழுங்கான விதிகளுள்ள உலகம் வேண்டுமென்றால் அந்த விதிகள் ஆள்பார்த்து நிற்க முடியாது. ஆனால் இது எதை விளக்குகிறது என்பதில் கறாராக இருங்கள். தட்டு ஏன் நகர்கிறது என்பதை விளக்கும். அன்றைக்கு அந்தக் கரையில் அந்தப் பெண் ஏன் என்பதை விளக்காது.

#11 வெண்ணாறு

அனுமதி விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கல, அது கிடக்கட்டும். தீயவனைத் தேவன் ஏன் உடனே பிடுங்கல அப்படிங்கிறதுக்கு மத்தேயு 13 களை உவமையை விட்டுட்டீங்களே (கோதுமை வயல்ல சத்துரு களை விதைக்கிறான், பிடுங்கவான்னு வேலைக்காரங்க கேட்டா அறுப்புவரை விடுங்கன்னு எஜமான் சொல்றார்). வயல் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அதுதான் உறைக்கும், ஆனா சும்மா வாசிச்சா 'களையை விட்டுவைக்கச் சொல்றவன் என்ன விவசாயி'ன்னு கேட்பாங்க. கேட்கணும்.

நம்ம நடவுல முதல் களை 15, 20 நாளுக்குள்ள, ரெண்டாவது 35, 40க்குள்ள. குதிரைவாலிப் புல்லு நெல்லு மாதிரியே நிக்கும். இலை தண்டைச் சேர்ற இடத்தைப் பிரிச்சுப் பார்த்தா நெல்லுக்கு வெள்ளையா சவ்வு மாதிரி நாக்கு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. கை பழகின பொம்பளைங்க அதைப் பார்த்தே பிடுங்கிடுவாங்க. பொதிக்கதிர் கட்டின பிறகு இறங்கினா தூர் ஆடும், வேர் பின்னியிருக்கும், நெல்லும் சேர்ந்து வரும். இப்ப உவமையைப் படிங்க. 26ஆம் வசனம், பயிர் வளர்ந்து கதிர் விட்டப்பத்தான் களை தெரியுது. கோதுமையில வர்ற அந்தக் களையும் கதிர் விடுற வரைக்கும் கோதுமை மாதிரியே இருக்கிற சாதி. அதாவது வேலைக்காரங்க கேக்குற நேரத்துல களையெடுப்புப் பருவம் தாண்டிப்போச்சு. எஜமான் சோம்பேறி இல்ல, கோதுமையைப் பார்த்துத்தான் நிறுத்துறார்.

விதைச்சது யாருன்னு கேட்டா 'சத்துரு செய்தான்'னு ஒரே வார்த்தை. பின்னாடி 39ஆம் வசனத்துல அந்தச் சத்துரு பிசாசுன்னு ஒரு வரி, அதுக்குமேல அவனைப் பத்தி விளக்கம் இல்ல. இதைப் பிசாசு பாடமா ஒரு மணி நேரம் இழுக்கிறவங்க உண்டு, அது வேண்டாம்.

#12 கறுப்புச்சட்டை_திருவாரூர்

களையெடுப்பு விவரம் அருமை. ஆனால் இந்த உவமை தீயவர்களுக்கு மட்டும்தான் பேசுகிறது, கடலுக்குப் பேசவில்லை. அறுப்புவரை பொறு என்பதும், நடுவில் களை மூடிச் சாகிற பயிருக்கு என்ன பதில் என்று சொல்லவில்லை.

#13 தரங்கைவாசி

சரியான ஆட்சேபம். அதற்காகத்தான் சிலுவைக்குப் போகிறோம். லூத்தர் 1518 ஹைடல்பர்க் விவாதத்தில் (வெண்ணாறு சொன்ன 1563 வினாவிடை வேறு, ரெண்டையும் குழப்பாதீர்கள்) 21ஆம் கருத்தாக எழுதியது: மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்பான், சிலுவையின் இறையியலாளன் உள்ளதை உள்ளபடி சொல்வான். சிலுவையைக் காட்டி 'பார், துன்பம் நல்லது' என்று முடிக்கிற பிரசங்கம், லூத்தர் கணக்கில் மகிமைப் பக்கம்.

20 நிமிடம் சிலுவைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். 'தேவனும் நம்மோடு அழுகிறார்' என்று அங்கேயே நிறுத்தினால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: அழுதால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா? ஜெர்மன் இறையியலாளர் மோல்ட்மன் 1972இல் தேவனே துன்பப்படுகிறார் என்று அழுத்தினார். பழைய சபைப் பிதாக்கள், குறிப்பாக அலெக்சாந்திரியா சிரில், தேவகுமாரன் மாம்சத்தில் பாடுபட்டார், ஆனால் தேவத்துவம் பாடுகளுக்கு அடிமையாகவில்லை என்று இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரில் தத்தளிப்பவனோடு சேர்ந்து முழுகுகிறவர் மட்டும் போதாது, கரையேற்றவும் வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. ஆகையால் 20இல் எட்டு நிமிடமாவது உயிர்த்தெழுதலுக்கு. 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதையும் சொல்லுங்கள். ஏன் என்ற கேள்வியை இயேசுவே கேட்டிருக்கிறார்.

#14 தர்க்கப்பிரியன்

உயிர்ப்பைச் சேர்த்தால் அடுத்த ஆட்சேபத்துக்கும் ஆயத்தமாக இருங்கள்: பின்னால் நஷ்டஈடு கொடுத்தால் முன்னால் செய்தது சரியாகிவிடுமா? தத்துவவாதி மேரிலின் மெக்கார்ட் ஆடம்ஸ் இங்கே உதவுவார். ஒருவருடைய வாழ்க்கையே வாழத் தகுந்ததுதானா என்று சந்தேகிக்க வைக்கிற அளவு கொடுமைகளை அவர் தனியாகப் பிரிக்கிறார். உலகம் மொத்தத்துக்கும் நன்மை விளைந்தது என்று அங்கே சொல்லக்கூடாது, அந்த ஆளுக்கே, அவருடைய வாழ்க்கைக்குள்ளேயே கடவுள் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்கிறார். மேலே ஒரு நன்மையைக் குவித்து ஈடுகட்டுவது வேறு, அந்தக் கொடுமையே கடவுளோடுள்ள உறவுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டுத் தோற்கடிக்கப்படுவது வேறு என்பது அவர் வாதம். 'ஏன் விட்டார்' என்பதை அவர் ஓரமாக வைத்துவிடுகிறார்.

வில்லியம் ரோ 1979இல் எழுதிய காட்டுத்தீ மானும் இங்கேதான் வரும். யாரும் பார்க்காத காட்டில் வெந்து பல நாள் துடித்துச் சாகும் மான்குட்டியால் யாருக்கு என்ன நன்மை? ஸ்டீபன் விக்ஸ்ட்ரா 1984இல் சொன்ன பதில், காரணம் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது. விலை உண்டு இதற்கு. காரணம் தெரியாது என்று ஒருதரம் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பிரசங்கத்தில் 'கஜா புயல் ஏன் வந்தது தெரியுமா' என்று தொடங்க உரிமை இல்லை.

#15 கறுப்புச்சட்டை_திருவாரூர்

எனக்கு ஒப்புதல் இல்லை. தோற்கடிப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த 94 பிள்ளைகளிடம் முன்னதாக யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு அந்த வாயை மூடிக்கொள்கிற இறையியல் என்றால் அதோடு உட்கார்ந்து பேச முடியும். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை விளக்கம் எழுதிக்கொண்டிருக்கவில்லை, கைக்காசைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். அவரும் உங்கள் ஆள்தானே.

#16 கடைமடை

மாற்றிய வரைவு:

10: ஐந்து வாக்கியம், பலகையில்.
25: மூன்று தேதி. ஒவ்வொன்றிலும் யார் பொறுப்பு, எது மீதி என்று பிள்ளைகளே பிரிப்பது. களை உவமை வெண்மணிக்கு, வண்டல் மண் சுனாமிக்கு, இரண்டும் எங்கே நிற்கின்றன என்பதோடு சேர்த்து.
5: அகுஸ்தினார்.
15: யோபு. எந்த வசனம் யார் வாயில் என்று தேடிப் பார்ப்பது, 8:7 உட்பட.
20: சிலுவையும் உயிர்ப்பும், 12 + 8.
15: கேள்விச் சீட்டு, கடைசியில் சங்கீதம் 13.

இரேனியு போயாயிற்று. கேள்விகளைப் பேர் போடாமல் சீட்டில் எழுதி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

#17 கொள்ளிடக்கரை

சீட்டு நல்லது, ஆனால் கேள்வி வாங்குவதை முன்னாலேயே, இடைவேளைக்கு முன் முடித்துவிடுங்கள். வாங்கியதும் உடனே உரக்கப் படிக்காதீர்கள். முதலில் நீங்கள் மட்டும் புரட்டி இரண்டாகப் பிரியுங்கள். 'கடவுள் ஏன் இப்படி' என்று பொதுவாக இருப்பவை ஒரு பக்கம். 'எங்க அப்பா', 'என் தங்கச்சி', 'நான்' என்று ஆரம்பிப்பவை இன்னொரு பக்கம். முதல் வகைக்கு வகுப்பில் பதில் சொல்லுங்கள். இரண்டாவது வகையைச் சட்டைப்பையில் வையுங்கள், எழுத்தை வைத்து யாருடையது என்று வகுப்பிலேயே தேட வேண்டாம். 'சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை, வகுப்பு முடிந்து அரை மணி நேரம் கோயில் வராந்தாவில் இருப்பேன்' என்று மட்டும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். யாரும் வராவிட்டாலும் அந்த அரை மணி நேரம் இருங்கள். தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் தெரிகிற சீட்டு இருந்தால் அதற்கு மட்டும் இந்த விதி கிடையாது, அன்றைக்கே எழுத்தை வைத்தாவது ஆளைக் கண்டுபிடித்து, தனியாக விடாமல் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் மனநல மருத்துவரிடமும் சேர்த்துவிட வேண்டும்.